பேட்டில்ஸ்டேஷன்ஸ்: மிட்வே

பேட்டில்ஸ்டேஷன்ஸ்: மிட்வே என்பது இரண்டாம் உலகப் போரின் பசிபிக் கடற்போர்களைக் களமாகக் கொண்ட ஒரு நிகழ்பட ஆட்டம் ஆகும். அங்கேரி நாட்டைச் சேர்ந்த ஐடாஸ் அங்கேரி நிறுவனம் இதனை உருவாக்கியது. ஐடாஸ் இன்டராக்டிவ் நிறுவனம் 2007 ஆம் ஆண்டில் விண்டோஸ் கணினிகளுக்கும் எக்ஸ்பாக்ஸ் 360 கருவிக்கும் வெளியிட்டது. நிகழ்நேர வியூகம், அதிரடி ஆகிய இரு ஆட்ட வகைகளையும் இணைத்தமை இதன் சிறப்பாகும். இதன் தொடர்ச்சியான பேட்டில்ஸ்டேஷன்ஸ்: பசிபிக் 2009 இல் வெளிவந்தது.

இரு வகைகளின் இணைப்பு

நிகழ்நேர வியூக ஆட்டங்களில் சதுரங்கத்தைப் போல மாறி மாறிக் காய் நகர்த்துவதில்லை. இரு தரப்பும் ஒரே நேரத்தில் இயங்கும். ஆடுபவர் தளபதியைப் போலப் படை முழுவதற்கும் கட்டளையிடுவார். அதிரடி ஆட்டங்களில் அவர் ஒரு வீரரையோ ஊர்தியையோ தாமே இயக்குவார். 1988 இல் வெளியான கேரியர் கமாண்ட் இவ்விரண்டையும் இணைத்த முன்னோடி ஆட்டங்களுள் ஒன்று.

விளையாடும் முறை

ஆடுபவர் வரைபடத்தில் தம் கப்பல்களுக்கும் வானூர்திகளுக்கும் இலக்குகளைக் குறிக்கலாம். விரும்பிய நேரத்தில் அவற்றுள் ஒன்றின் கட்டுப்பாட்டைத் தாமே ஏற்கலாம். ஏனையவற்றைக் கணினி இயக்கும். பீரங்கிக் குண்டு இலக்கை அடையச் சிறிது நேரம் ஆவதால், எதிரிக் கப்பல் சென்றடையப் போகும் இடத்தைக் கணித்துச் சுட வேண்டும். சேதமடைந்த கப்பலில் தீயை அணைப்பதா, நீர் புகுவதைத் தடுப்பதா என முடிவு செய்து பழுதுபார்க்கும் குழுவினரைப் பிரித்து அனுப்ப வேண்டும். நீர்மூழ்கிகள் ஆழத்தில் தங்கும் நேரம் அவற்றின் காற்று இருப்பைப் பொறுத்தது. ஒரு கப்பலிலேயே கவனம் செலுத்தினால், மற்றோரிடத்தில் படை அழியக்கூடும்.

வரலாற்றுப் பின்னணி

ஆட்டத்தின் கதை 1941 டிசம்பரில் நடந்த பேர்ள் துறைமுகத் தாக்குதலில் தொடங்கி, 1942 சூன் மாத மிட்வே சமரில் முடிகிறது. இவற்றுக்கு இடைப்பட்ட காலத்தில் சப்பானிய வானூர்தி தாங்கிக் கப்பல்கள் இந்தியப் பெருங்கடலுக்குள்ளும் நுழைந்தன. 1942 ஏப்ரல் 5 இல் கொழும்பும் ஏப்ரல் 9 இல் திருகோணமலையும் தாக்கப்பட்டன. மட்டக்களப்புக்கு அருகே பிரித்தானியாவின் ஹெர்மிஸ் என்ற வானூர்தி தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. சப்பானியர் தரையிறங்கக்கூடும் என்ற அச்சத்தால் அம்மாதத்தில் மக்கள் பலர் சென்னையை விட்டு வெளியேறினர். இலங்கைத் தாக்குதலில் பங்கேற்ற அகாகி, சோரியூ, ஹிரியூ ஆகிய மூன்று கப்பல்களும் இரண்டு மாதங்களில் காகாவுடன் சேர்ந்து மிட்வேயில் அழிந்தன.

ஆட்டமும் மெய்ப்போரும்

இவ்வாட்டத்தில் திட்டமிடும் தளபதியும் பீரங்கியை இயக்குபவரும் ஒருவரே. கட்டளை உடனே சென்று சேரும். மெய்யான கடற்போரில் இவ்விரண்டுக்கும் இடையில் பெரும் இடைவெளி உண்டு. மிட்வேயில் அமெரிக்க வானூர்தி தாங்கிக் கப்பல் இருப்பதைச் சப்பானிய வேவு வானூர்தி காலந்தாழ்த்தியே அறிவித்தது.

பாய்மரக் கப்பல் காலத்தில் இவ்விடைவெளி இன்னும் பெரிதாக இருந்தது. செங்கல்பட்டு மாவட்டத்தின் புதுப்பட்டினத்தை அடுத்துள்ள சதுரங்கப்பட்டினத்துக்கு அப்பால், 1782 பிப்ரவரி 17 இல் பிரான்சியத் தளபதி சுஃப்ரென், எட்வர்ட் ஹியூஸ் தலைமையிலான பிரித்தானியக் கப்பற்படையைத் தாக்கினார். பிரித்தானிய வரிசையின் பின்பகுதியை இருபுறமும் சூழ்வது அவரது திட்டம். கப்பல்களுக்குக் கொடிச் சைகைகள் மூலமே கட்டளையிட முடிந்தது. அவருடைய கப்பல்கள் சில திட்டப்படி நெருங்கிச் சென்று போரிடவில்லை. பிரித்தானியக் கப்பல்கள் கடும் சேதமடைந்தபோதிலும் எந்தக் கப்பலும் கைப்பற்றப்படாமல் அப்போர் முடிந்தது.