கிராபிக்ஸ் கார்டைக் குறை சொல்லும் முன் கேபிளைப் பாருங்கள்

சேமிப்பைக் கரைத்து விஆர் ஹெட்செட் வாங்கியாயிற்று. கம்ப்யூட்டரும் சுமாரானதல்ல. இரண்டையும் கேபிளால் இணைத்து, ஹெட்செட்டைத் தலையில் மாட்டியதும் காட்சி திக்கித் திக்கி வருகிறது. தலையைத் திருப்பினால் கண்முன் இருக்கும் உலகம் ஒரு கணம் பிந்தித் திரும்புகிறது. ஐந்து நிமிடத்தில் குமட்டல். “கிராபிக்ஸ் கார்டு பத்தாது, மாத்திடுங்க” என்கிறார்கள் தெரிந்தவர்கள். பல ஆயிரம் ரூபாய்ச் செலவு கண்முன் வந்து நிற்கிறது.

அந்தச் செலவுக்கு முன் பார்க்க வேண்டியது யுஎஸ்பி இணைப்பின் வேகத்தை. பல நேரங்களில் குறை சில நூறு ரூபாய்க் கேபிளிலோ, அதைச் செருகிய துளையிலோதான் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க யாரும் பொறியாளராக இருக்க வேண்டியதில்லை. வரிசை தவறாமல் தேடும் பொறுமை போதும்.

வேகம் ஏன் இவ்வளவு முக்கியம்?

2020-இல் வந்த குவெஸ்ட் 2 ஹெட்செட்டை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு கண்ணுக்கும் 1832 × 1920 புள்ளிகள். நொடிக்கு 90 படங்கள் என்று வைத்தால், சுருக்காமல் அனுப்ப நொடிக்குச் சுமார் 15 ஜிகாபிட் தேவை. சாதாரண யுஎஸ்பி 3 கேபிள் அதைத் தாங்காது. அதனால் கம்ப்யூட்டரின் கிராபிக்ஸ் கார்டு ஒவ்வொரு படத்தையும் வீடியோவாகச் சுருக்கி அனுப்புகிறது. ஹெட்செட் அதை விரித்துக் காட்டுகிறது. சுருக்கிய பிறகு நொடிக்குச் சில நூறு மெகாபிட்தான் மிஞ்சும்.

“அப்படியானால் 480 மெகாபிட் தரும் பழைய யுஎஸ்பி 2 போதாதா?” என்று கேட்கத் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். நொடிக்கு 200 மெகாபிட் ஓடுகிறது என்றால், ஒரு படத்தின் பங்கு ஏறக்குறைய 2.2 மெகாபிட். யுஎஸ்பி 2-இல் 480 என்பது ஏட்டளவு. கைக்குக் கிடைப்பது 300 அளவில்தான். அந்த வேகத்தில் ஒரு படம் போய்ச் சேர 7 மில்லிநொடிக்கு மேல் ஆகும். நன்றாக இயங்கும் யுஎஸ்பி 3 இணைப்பில் அதே படம் ஒரு மில்லிநொடிக்குள் போய்விடும். நொடிக்கு 90 படங்கள் என்றால் ஒரு படத்துக்குக் கிடைக்கும் அவகாசமே 11 மில்லிநொடி. தலை அசைவதற்கும் காட்சி மாறுவதற்கும் இடையே 20 மில்லிநொடிக்கு மேல் போகக் கூடாது என்பது இத்துறையில் பரவலாகச் சொல்லப்படும் எல்லை. அதில் மூன்றில் ஒரு பங்கைக் கேபிளே தின்றுவிட்டால் மற்ற வேலைகளுக்கு நேரம் ஏது? உடல் அந்தத் தாமதத்தை உணர்ந்துகொள்கிறது. தலைசுற்றல் அங்கிருந்துதான் வருகிறது.

வதோதராக்காரர் தந்த இணைப்பு

யுஎஸ்பி பிறந்ததே இணைப்புத் தொல்லையைத் தீர்க்கத்தான். 1990-களின் தொடக்கத்தில் பிரிண்டருக்கு ஒரு துளை, மவுஸுக்கு ஒன்று, கீபோர்டுக்கு இன்னொன்று. எதையாவது மாட்டினால் கம்ப்யூட்டரை அணைத்துப் போட வேண்டும். வதோதராவில் பிறந்து, அங்குள்ள மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் படித்து, 1990-இல் இன்டெலில் சேர்ந்த அஜய் பட், எல்லாவற்றுக்கும் ஒரே துளை என்ற யோசனையை முன்னெடுத்தார். ஏழு நிறுவனங்கள் கைகோத்து உழைத்ததில் 1996 ஜனவரியில் யுஎஸ்பி 1.0 வெளியானது. அதன் உச்ச வேகம் நொடிக்கு 12 மெகாபிட். 2013-இல் அஜய் பட்டும் பாலா கடம்பி உள்ளிட்ட அவருடைய குழுவினரும் ஐரோப்பியக் கண்டுபிடிப்பாளர் விருது பெற்றனர்.

எந்தப் பக்கமாகவும் செருகும் முனையை அன்றே ஏன் தரவில்லை என்ற கேள்விக்கு, அப்படிச் செய்தால் கம்பிகளும் சுற்றுகளும் இரட்டிப்பாகி விலை ஏறியிருக்கும் என்று அவர் விளக்கியிருக்கிறார். 2014-இல் வந்த டைப்-சி அந்த விலையைக் கொடுத்து வசதியை வாங்கிக்கொண்டது. அதில் 24 தொடுமுனைகள். ஆனால் எல்லா டைப்-சி கேபிள்களிலும் அத்தனைக்கும் கம்பி ஓடுவதில்லை. இன்றைய குழப்பத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

முனை ஒன்று, வேகம் பல

2000-இல் வந்த யுஎஸ்பி 2.0 நொடிக்கு 480 மெகாபிட். 2008-இன் 3.0 தருவது 5 ஜிகாபிட், 2013-இன் 3.1 தருவது 10, 2017-இன் 3.2 தருவது 20, 2019-இன் யுஎஸ்பி 4 தருவது 40 வரை. 480 மெகாபிட் முதல் 40 ஜிகாபிட் வரை எல்லாமே ஒரே டைப்-சி முனையில் வந்துவிடலாம். கண்ணால் பார்த்துப் பிரித்தறிய வழியில்லை. போனோடு வரும் சார்ஜிங் கேபிள்கள் பெரும்பாலும் யுஎஸ்பி 2 கம்பிகளோடு நின்றுவிடுகின்றன. 2019-இல் வந்த முதல் குவெஸ்டின் பெட்டியில் இருந்த கேபிளும் யுஎஸ்பி 2 வகைதான். “ஃபாஸ்ட் சார்ஜிங்” என்று அட்டையில் இருந்தால் அது மின்சாரத்தைப் பற்றிய பேச்சு. தரவு வேகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பெயர் மாற்றங்கள் குழப்பத்தை இன்னும் கூட்டின. பழைய 3.0-ஐ 3.2 ஜென் 1 என்று மாற்றினார்கள். ஆகவே “3.2 கேபிள்” என்று வாங்கியதில் 5 ஜிகாபிட்தான் இருக்கலாம். பதிப்பு எண்ணை விட்டுவிட்டு, எத்தனை ஜிகாபிட் என்று கேட்டு வாங்குவதே பாதுகாப்பு.

நீளமும் கவனிக்க வேண்டியது. நீளம் கூடக் கூட, செம்புக் கம்பியில் அதிவேகச் சமிக்ஞை தேய்ந்துபோகும். 5 ஜிகாபிட் வேகத்துக்குச் சாதாரண டைப்-சி கேபிள் ஏறக்குறைய 2 மீட்டர் வரை நம்பகமானது. விஆரில் எழுந்து நடக்க 5 மீட்டர் வேண்டும். அதனால்தான் குவெஸ்டைத் தந்த ஆகுலஸ் (இப்போது மெட்டா) தன் 5 மீட்டர் லிங்க் கேபிளில் ஒளியிழையைப் பயன்படுத்தியது. மலிவான 5 மீட்டர் கேபிள் வாங்கி ஏமாறுவதைவிட, 3 மீட்டரில் நல்லதாக ஒன்று வாங்குவது மேல்.

எங்கிருந்து தேடுவது?

கிணற்று மோட்டார் எத்தனை குதிரைசக்தியாக இருந்தாலும், வழியில் ஓரிடத்தில் குழாய் சுருங்கியிருந்தால் தண்ணீர் அந்த அளவுக்குத்தான் வரும். ஹெட்செட்டின் துளை, கேபிள், கம்ப்யூட்டரின் துளை, உள்ளேயிருக்கும் யுஎஸ்பி கன்ட்ரோலர் என்று நான்கு இடங்களில் எது மெதுவானதோ, மொத்த இணைப்பும் அதன் வேகத்துக்கு இறங்கிவிடும்.

1. முதலில் அளந்து பாருங்கள். மெட்டாவின் கம்ப்யூட்டர் செயலியிலேயே யுஎஸ்பி சோதனை இருக்கிறது. அது காட்டும் எண்ணைக் குறித்துவையுங்கள். 5 ஜிகாபிட் இணைப்பு 5 என்று காட்டாது. 8 பிட் அனுப்ப 10 பிட் செலவிடும் முறையால் உச்சமே 4-தான். மற்றக் கழிவுகளும் போக 2-க்கு மேல் வந்தாலே நல்ல இணைப்பு. 0.3, 0.4 என்று வந்தால் யுஎஸ்பி 2-க்கு இறங்கிவிட்டது என்று அர்த்தம்.

2. முனையைக் கழற்றி மறுபடி செருகுங்கள். பழைய செவ்வக முனையில் யுஎஸ்பி 2-க்கு 4 தொடுமுனைகளும், யுஎஸ்பி 3-க்குக் கூடுதலாக 5-ம் உண்டு. மெல்ல மெல்ல நுழைத்தால் முந்தைய நான்கு மட்டும் முதலில் தொட்டு, யுஎஸ்பி 2 என்றே கம்ப்யூட்டர் முடிவுசெய்துவிடும். ஒரே அழுத்தாக முழுவதும் செருக வேண்டும். டைப்-சி முனையைப் புரட்டியும் செருகிப் பாருங்கள். இரு பக்கத்துக்கும் தனித்தனித் தொடுமுனைகள் என்பதால், ஒரு பக்கத்தில் அழுக்கோ தேய்மானமோ இருந்தால் புரட்டியதும் எண் மாறும்.

3. துளையை மாற்றுங்கள். ஹப், எக்ஸ்டென்ஷன் இரண்டையும் எடுத்துவிடுங்கள். டெஸ்க்டாப்பின் முன்பக்கத் துளை, பெட்டிக்குள் தனி வயர் வழியாகத்தான் மதர்போர்டைச் சேர்கிறது. அந்த வயரே பலவீனமாக இருக்கலாம். பின்பக்கம் மதர்போர்டிலேயே இருக்கும் துளையில் செருகுங்கள். உட்புறம் நீலநிறம் பெரும்பாலும் யுஎஸ்பி 3-இன் அடையாளம். ஆனாலும் நிறத்தை மட்டும் நம்பாமல் கையேட்டையும் பாருங்கள்.

4. கேபிளை மாற்றுங்கள். நண்பரிடம் நன்றாக வேலை செய்யும் ஒன்றை இரவல் வாங்கிச் சோதித்தால் காசு மிச்சம்.

5. கடைசியாக விண்டோஸ். மின்சாரம் மிச்சப்படுத்த யுஎஸ்பி துளைகளை இடையிடையே உறங்கவைக்கும் வழக்கம் அதற்கு உண்டு. பவர் ஆப்ஷன்ஸில் ‘செலக்டிவ் சஸ்பென்ட்’ வசதியை அணையுங்கள். டிவைஸ் மேனேஜரில் ரூட் ஹப்புகளின் பவர் மேனேஜ்மென்ட் பகுதியில் உள்ள ‘டிக்’கையும் எடுத்துவிடுங்கள். மதர்போர்டு நிறுவனத்தின் தளத்திலிருந்து சிப்செட் டிரைவரைப் புதுப்பியுங்கள். இணைப்பு அடிக்கடி அறுந்துபோகிறது என்றால் இந்தப் படியில்தான் விடை கிடைக்க வாய்ப்பு அதிகம்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஒவ்வொரு முறையும் அளந்து எழுதிவையுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினால் சரியாகிவிடக்கூடும். எது குறை என்பது தெரியாமலே போய்விடும்.

பின்பக்கத் துளைகளும் கைவிட்டால், மதர்போர்டில் செருகும் யுஎஸ்பி கார்டு ஒன்று வாங்கலாம். அங்கேயும் கவனம் வேண்டும். 10 ஜிகாபிட் கார்டைப் பழைய இரண்டாம் தலைமுறைச் சிறு ஸ்லாட்டில் செருகினால், அந்த ஸ்லாட்டே 4 ஜிகாபிட்டுக்கு மேல் விடாது.

எண் நன்றாக இருந்தும் திணறினால்?

சோதனையில் 2 ஜிகாபிட்டுக்கு மேல் வந்தும் காட்சி தடுமாறினால், யுஎஸ்பியை இனி விட்டுவிடலாம். படத்தை உருவாக்குவதோ சுருக்குவதோ தாமதமாகிறது. லேப்டாப்பில் விளையாட்டு தனி கிராபிக்ஸில் ஓடுகிறதா என்று பாருங்கள். தெளிவைக் குறைத்து, நொடிக்கு 90 படங்கள் என்பதை 72 ஆக்கிப் பாருங்கள். கிராபிக்ஸ் கார்டைப் பற்றி யோசிக்க வேண்டிய நேரம் இதுதான். கையில் அளந்த எண்ணோடு யோசிக்கலாம். சார்ஜ் இறங்குவது தனி விஷயம். யுஎஸ்பி 3 துளை சாதாரணமாகத் தருவது 4.5 வாட்; ஹெட்செட் அதைவிட அதிகம் கேட்டால் வேகம் சரியாக இருந்தும் பேட்டரி மெல்ல இறங்கும்.

அச்சிடுங்கள், கேட்டு வாங்குங்கள்

விஆர் இனி விளையாட்டோடு நிற்கப் போவதில்லை. சென்னை ஐஐடியில் பேராசிரியர் எம்.மணிவண்ணன் முன்னின்று நடத்தும் எக்ஸ்டிஐசி மையம், தொடு உணர்வையும் மெய்நிகர் காட்சியையும் இணைத்து ஆராய்கிறது. மருத்துவப் பயிற்சியும் தொழிற்பயிற்சியும் இந்தக் கருவிகளுக்கு மாறும் காலம் இது. ஒரு கல்லூரி ஆய்வகத்தில் தவறான கேபிள்கள் வந்து சேர்ந்தால், தலைசுற்றலோடு வெளியே வரும் மாணவர்கள் இந்தத் தொழில்நுட்பமே தங்களுக்கு ஒத்துவராது என்று முடிவுகட்டிவிடுவார்கள். அந்த இழப்பு கேபிளின் விலையைவிடப் பெரிது.

யுஎஸ்பி தரநிலைகளை வகுக்கும் அமைப்பே இப்போது பதிப்பு எண்களை விட்டுவிட்டு, 5, 10, 20, 40 ஜிகாபிட் என்ற வேகத்தையே முத்திரையாக அச்சிடச் சொல்கிறது. ஆனால் சென்னை ரிச்சி தெருவிலும், பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலும் எதுவும் அச்சிடாத கேபிள்கள் குவிந்து கிடக்கின்றன. வேகத்தை அச்சிடாத கேபிளை வாங்க மறுப்போம். கல்லூரிகள் கொள்முதல் பட்டியலில் “டைப்-சி கேபிள்” என்று எழுதாமல், “5 ஜிகாபிட், 3 மீட்டர்” என்று எழுதட்டும். கேட்பவர்கள் பெருகினால் கடைகளும் அந்த எண்ணைக் காட்டித்தான் விற்க வேண்டிவரும்.