இலையின் உழைப்பும் கிழங்கின் விளைச்சலும்

1956-ஆம் ஆண்டின் மாநிலச் சீரமைப்பிற்குப் பின்னர், பனச்சமூடு கேரள, தமிழக எல்லையில் அமைந்த ஊராயிற்று. எனினும் நெய்யாற்றின்கரை, விளவங்கோடு ஆகிய இரு வட்டாரங்களிலும் மரச்சீனி எனப்படும் மரவள்ளியே எளியோரின் உணவாக நெடுங்காலம் விளங்கி வந்துள்ளது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் இப்பயிரைப் பரப்புவதில் பெரிதும் ஊக்கம் காட்டினார்.

மரச்சீனிக் கிழங்கில் ஏறத்தாழ 25 முதல் 30 விழுக்காடு மாவுச்சத்து உள்ளது. ஆனால் அது மண்ணிலிருந்து வருவதன்று. இலை ஆக்கித் தருவதாகும். சூரிய ஒளியின் துணையால் பச்சையம் கரியமில வாயுவையும் நீரையும் சர்க்கரையாக்குகிறது. அதில் ஒரு பகுதி பகலில் இலையிலேயே மாவுச்சத்தாகத் தங்குகிறது. இரவில் மீண்டும் சர்க்கரையாகிக் கிழங்கிற்குச் செல்கிறது. ஒளிபட்ட இலையில்தான் மாவுச்சத்து உருவாகிறது என்பதை ஜெர்மானிய அறிஞர் ஜூலியஸ் சாக்ஸ் 1860-களில் நிறுவினார்.

பள்ளிகளில் இதனை எளிதில் மெய்ப்பிக்கலாம். மாலையில் பறித்த இலையைக் கொதிநீரில் சில நிமிடங்கள் இட்டால் அதன் உயிரணுக்கள் செயலிழக்கும். பின்னர் அதனைச் சாராயத்தில் இட்டுச் சூடாக்கினால் பச்சையம் நீங்கும். சாராயம் எளிதில் தீப்பற்றுமாதலால், அதனை நேரடியாக நெருப்பில் வைக்காமல், அடுப்பிலிருந்து இறக்கிய சுடுநீரில் வைத்தே சூடாக்குதல் வேண்டும். வெளிறிய இலையை வெந்நீரில் அலசி, அயோடின் கரைசலைச் சொட்டினால் மாவுச்சத்துள்ள இடங்கள் கருநீலமாகும். விடியலில் பறித்த இலையில் இந்நிறம் மங்கலாகவே தோன்றும். பச்சையும் வெண்மையும் கலந்த குரோட்டன்ஸ் இலையில், பச்சைப் பகுதி மட்டுமே கருநீலமாகும்.

இச்சோதனை உழவருக்கும் ஒரு பாடமாகும். தேமல் நோய் கண்ட மரச்சீனியின் இலைகள் மஞ்சள் திட்டுக்களுடன் சுருங்கிச் சிறுக்கின்றன. பச்சையமும் இலைப்பரப்பும் குறையவே, கிழங்கின் விளைச்சலும் குறைகிறது. வெள்ளை ஈ பரப்பும் இந்நோய், நோயுற்ற செடியின் கம்பை நடுவதாலும் அடுத்த பருவத்திற்குத் தொடர்கிறது. எனவே பயிர் பசுமையாக நிற்கும்போதே நோயற்ற செடிகளை அடையாளமிட்டு, அவற்றிலிருந்து மட்டுமே நடவுக் கம்புகளை எடுத்தல் நன்று. திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963-இல் தொடங்கப்பெற்ற மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம், ஸ்ரீ பத்மநாபா, ஸ்ரீ ரக்ஷா முதலிய நோய் எதிர்ப்பு இரகங்களையும் வழங்கியுள்ளது.

விளைச்சலை அறுவடை நாளில் எடைபோடுவதோடு விரிவாக்க அலுவலரின் பணி முடிந்துவிடுவதில்லை. அதன் முதற்கணக்கு இலையிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. அதனைக் காலத்தே படித்தறிவது உழவரின் ஓராண்டு உழைப்பைக் காக்கும்.