ஒரு தவில், இரண்டு இடம்

ஈப்போ கல்லுமலைக் கோயில் தைப்பூசத்தில் தவில் கேட்டவர்களுக்கு, வலந்தலையில் விரற்கூடுகள் எழுப்பும் கணீர் ஒலியும் தொப்பியில் கழி எழுப்பும் கனத்த அடியும் ஒரே தோளில் தொங்கும் ஒரே வாத்தியத்திலிருந்து வருவது தெரியும். அதே தவிலைக் காருக்குள் கேட்டால், பல வண்டிகளில் அது இரண்டாகப் பிளந்துவிடுகிறது. விரலோசை முன்கதவிலும் கழியோசை முதுகுக்குப் பின்னாலும் கேட்கிறது. இதற்கு மருந்தாகப் பலரும் நாடுவது இன்னும் பெரிய ஆம்ப்ளிஃபையரைத்தான். ஆனால் கோளாறு சக்தியில் இல்லை, ஸ்பீக்கர்கள் இருக்கும் இடத்தில் இருக்கிறது.

ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்கிறது. 50 ஹெர்ட்ஸ் அடியொலியின் ஓர் அலை கிட்டத்தட்ட 7 மீட்டர் நீளம். பெரொடுவா மைவியின் மொத்த நீளமே 4 மீட்டருக்குள் அடங்கிவிடும். வண்டியைவிட அலை நீண்டிருப்பதால், அது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று காதால் பிரித்தறிய முடிவதில்லை. 3,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலையோ 11 சென்டிமீட்டர்தான். அதன் திசை உடனே தெரிந்துவிடும். ஆகவே பின்னால் வைக்கும் அடியொலி ஸ்பீக்கரான சப்வூஃபரை 80 ஹெர்ட்ஸ் அளவில் வெட்டி நிறுத்தினால், அதன் பெட்டி காதுக்கு மறைந்துவிடும்; கழியடியும் முன்னாலிருந்தே வருவதாகத் தோன்றும். 150 ஹெர்ட்ஸ் வரை பாடவிட்டாலோ, அதிர்வில் எண்பலகை கடகடத்தாலோ, பெட்டி தன் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

திசையே தெரியாதென்றால் பெட்டியை எங்கே வைத்தாலும் ஒன்றுதானே என்று கேட்கலாம். திசை வேறு, ஒலியின் அளவு வேறு. சப்வூஃபரின் அலையும் கதவு ஸ்பீக்கரின் அலையும் எதிரெதிராக வந்து சேர்ந்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். வாட்டை இரட்டித்தாலும் கிடைப்பது 3 டெசிபல்தான். பெட்டியை ஒரு முழம் நகர்த்துவதற்கும், பின்கதவைப் பார்க்கத் திருப்புவதற்கும், சப்வூஃபர் ஒயரின் கூட்டல் கழித்தல் முனைகளை மாற்றிப் பார்ப்பதற்கும் காசு வேண்டாம். வண்டியின் அமைப்பையும் கவனிக்க வேண்டும். மைவியில் சாமான் வைக்கும் இடமும் பயணிகள் அமரும் இடமும் ஒரே அறை. 1985இல் வந்த புரோட்டோன் சாகா போன்ற சலூன் கார்களில் பின் இருக்கையின் சாய்மானம் நடுவே மறிக்கிறது; ஒலி முன்னே வர வழி விடாவிட்டால், அது பின்மூடியை அதிரவைப்பதிலேயே செலவாகிவிடும்.

இதையெல்லாம், ஒலியை மின்னணு முறையில் திருத்தும் டிஎஸ்பி கருவி சரிசெய்துவிடாதா? ஓரளவு செய்யும். நம் நாட்டில் ஓட்டுநர் வலப்பக்கம் அமர்வதால், வலது கதவின் ஒலி முந்துகிறது. இடது ஸ்பீக்கர் அரை மீட்டர் தள்ளியிருந்தால், அதன் ஒலி சுமார் 1.5 மில்லிநொடி பிந்தி வரும். மூளை முந்தி வந்த பக்கத்தையே நம்பும். டிஎஸ்பி வலப்பக்கத்தைச் சற்றுத் தாமதப்படுத்தி இதைச் சமன் செய்கிறது. ஆனால் அந்தச் சமன் ஓர் இருக்கைக்கு மட்டுமே. பக்கத்தில் அமர்பவருக்கு ஏற்றத்தாழ்வு இன்னும் கூடும். கதவின் உள்தகட்டில் ஓட்டைகள் திறந்திருந்தால், ஸ்பீக்கரின் பின்பக்க ஒலி முன்பக்கத்துக்குக் கசிந்து அடியொலியைக் கெடுக்கும். அதை எந்தக் கருவியாலும் மீட்க முடியாது. எனவே முதலில் கதவை அடைக்க வேண்டும். பிறகு பெட்டிக்கு இடம் தேடி, சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டச் சாலைக் குலுக்கலிலும் அசையாதபடி முடுக்க வேண்டும். டிஎஸ்பி அதற்கும் பிறகுதான். கடைக்குப் போகுமுன், வண்டியை நிறுத்தி ஒரு தனித்தவிலை ஓடவிட்டுக் கண்ணை மூடிக் கேளுங்கள். வித்வான் இன்னும் இரண்டு இடத்தில் நின்று வாசித்தால், பணத்தை எடுக்காதீர்கள், பெட்டியை நகர்த்துங்கள்.