சுனை நீரும் குழாய் நீரும்

செஞ்சி என்றதும் வெளியூரார்க்குத் தேசிங்கு ராஜனும் அவனது குதிரையுமே நினைவுக்கு வரும். 1714ஆம் ஆண்டில் ஆர்க்காட்டு நவாபின் படையை எதிர்த்து இளம் வயதிலேயே உயிர் நீத்த அவ்வீரனின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால், நம் கோட்டையில் வீரக்கதை மட்டுமன்று, அன்றாட வாழ்வுக்கு உதவும் பாடம் ஒன்றும் இருக்கிறது. அது தண்ணீரைப் பற்றியது.

இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் இணைத்துச் சுமார் 13 கிலோ மீட்டர் நீளத்திற்கு மதில் எழுப்பியிருக்கிறார்கள். இவற்றுள் உயர்ந்தது இராஜகிரி. சுமார் 800 அடி. அதன் அடிவாரத்தில், கூம்பு வடிவக் கூரையுடன் அடுக்கடுக்காக நிற்கும் கல்யாண மகாலைப் பார்க்காதவர் நம்மில் இருக்க முடியாது. அந்த மாளிகையின் மேல் அடுக்குகளுக்கும் தண்ணீர் சென்றது. மதிலுக்கு வெளியே ஏறத்தாழ 500 கஜ தூரத்திலிருந்த நீர்நிலையிலிருந்து சுடுமண் குழாய்கள் வழியாக அதைக் கொண்டுவந்தார்கள். அக்காலத்தவரின் திறமையை எண்ணி வியக்கிறோம்.

இராஜகிரியின் உச்சியில் நிலைமை வேறு. அங்கே குழாய் இல்லை. பாறையிலேயே இரண்டு வற்றாத சுனைகள் இருந்தன. மழைநீரைச் சேர்த்து வைக்க மூன்று தேக்கங்களும் இருந்தன.

அமைதிக் காலத்தில் இவ்விரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. பகைவர் முற்றுகையிட்டால்தான் தெரியும். வெளியே இருக்கும் குழாயை உடைக்க ஒரு மண்வெட்டி போதும், மாளிகை வறண்டுவிடும். மலையுச்சியில் இருப்பவர்களின் சுனையை யாரும் அடைக்க முடியாது.

1690 முதல் 1698 வரை முகலாயத் தளபதி சுல்பிகர் கான் இக்கோட்டையை முற்றுகையிட்டான். உள்ளே இருந்தவர் சிவாஜியின் மகன் இராஜாராம். கோட்டை எட்டாண்டுகள் தாங்கியதற்குக் காரணங்கள் பல. மராத்தியக் குதிரைப் படையினர் வெளியே நின்று முகலாயருக்கு வரும் உணவைத் தடுத்தார்கள். முகலாயருக்குள்ளேயே பிணக்கும் இருந்தது. ஆயினும், உள்ளே நீரும் நெற்களஞ்சியமும் இல்லாமற்போயிருந்தால் மற்றக் காரணங்கள் எல்லாம் இருந்தும் என்ன பயன்?

இதே கோட்டையை 1750ஆம் ஆண்டில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே இரவில் கைப்பற்றினான். மதில் அதே மதில்தான், குன்றுகளும் அவைதாம். எவ்வளவு சிறந்த அரணாக இருந்தாலும், உள்ளே இருப்பவர்களிடம் செயல் திறம் இல்லையென்றால் அது இல்லாததற்குச் சமம் என்று திருவள்ளுவர் ‘அரண்’ அதிகாரத்தில் கூறுவது எத்தனை உண்மை!

அன்புத் தோழியரே, நம் உள்ளமும் ஒரு கோட்டைதான். அதற்கு நீர் எங்கிருந்து வருகிறது? பிறர் பாராட்டினால் மகிழ்ச்சி, பாராட்டாவிட்டால் சோர்வு என்று வாழ்கிறவள் குழாய் நீரை நம்பியிருக்கிறாள். அந்தக் குழாயைத் திறப்பதும் மூடுவதும் பிறர் கையில் இருக்கிறது.

வகுப்பில் கணக்கு விளங்கவில்லை. கேட்டால் சிரிப்பார்களோ என்று அஞ்சித் தலையை ஆட்டிவிடுகிறாள் ஒருத்தி. அன்று அவள் மானம் தப்பியது, கணக்கு தப்பிவிட்டது. தாயார் மணிலாக் கொட்டை ஆய்கிற கூலி வேலைக்குப் போகிறார் என்று சொல்லக் கூசி வேறு ஏதோ சொல்கிறாள் மற்றொருத்தி. அந்தக் கூலியில்தான் அவளுடைய நோட்டுப் புத்தகம் வந்தது. தோழி சேர்ந்தாள் என்பதற்காகவே மனத்துக்குப் பிடிக்காத பாடப் பிரிவில் சேருகிறாள் இன்னொருத்தி. “நாலு பேர் என்ன நினைப்பார்கள்?” என்பதே மூவருடைய அச்சமும். அந்த நாலு பேரோ, நாளை அவளுக்காகத் தேர்வு எழுத வரப்போவதில்லை.

உண்மையாக வாழ்வதென்றால் மனத்தில் தோன்றியதையெல்லாம் முகத்துக்கு நேரே கொட்டுவது என்று சிலர் நினைக்கிறார்கள். அது உண்மையன்று, முரட்டுத்தனம். யார் சொல்லையும் கேட்காமல் இருப்பதும் உண்மையான வாழ்வாகாது. மலையுச்சியில் சுனையோடு மழைநீர்த் தேக்கமும் இருந்ததை மறந்துவிடக் கூடாது. ஆசிரியையின் கண்டிப்பும், பெற்றோரின் அறிவுரையும், நல்ல நூல்களும் மழை போன்றவை. அவற்றை ஏற்று, சிந்தித்து, நமதாக்கிக்கொள்ள வேண்டும். அப்படிச் சேர்த்தது பிறகு நம்மிடமே இருக்கும்.

சுனை தூர்ந்துபோகாமல் காக்க வழி என்ன? இரவில் படுக்கப் போகுமுன், செபம் சொல்லும் நேரத்தில், நம்மை நாமே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளலாம்: “இன்று நான் செய்தவற்றுள், யாரும் பார்க்காவிட்டாலும் செய்திருக்கக் கூடியது எது?” முதல் நாள் ஒன்றுகூடத் தேறாமற்போகலாம். வருந்த வேண்டாம். மறுநாள், தெரியாததைத் “தெரியவில்லை” என்று ஒரே ஒரு முறை சொல்லிப் பாருங்கள். வளர்ச்சி என்பது இப்படிச் சொட்டுச் சொட்டாகத்தான் ஊறும்.

பெற்றோர்க்கும் ஒரு வேண்டுகோள். “எனக்கு விளங்கவில்லை, அம்மா” என்று சொல்லும் மகளுக்கு அடியோ, அடுத்த வீட்டுப் பெண்ணோடு ஒப்பீடோ கிடைத்தால், அடுத்த முறை அவள் “விளங்கிவிட்டது” என்று சொல்லக் கற்றுக்கொள்வாள். பொய் பேசும் பழக்கம் பல வீடுகளில் இப்படித்தான் தொடங்குகிறது.

2025ஆம் ஆண்டில் நம் கோட்டை, மராத்தியர் காலத்துப் பிற கோட்டைகளோடு சேர்த்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. வருகிறவர்கள் மதிலையும் மாளிகையையும் கண்டு வியப்பார்கள். இந்த மண்ணில் வளரும் நாம் அவர்களுக்கு ஒன்றை எடுத்துச் சொல்லலாம்: இம்மதிலுக்குள் மனிதர் வாழ முடிந்தது உள்ளே நீர் இருந்ததால்தான்.