பட்டா இல்லாத மண்!

'உங்களுக்குச் சொந்த ஊர் எது?'

பஸ்ஸில் பக்கத்து ஸீட்காரர் கேட்டால் பளிச்சென்று சொல்லிவிடுகிறோம். தாத்தா பிறந்த ஊர், அப்பா உத்தியோகம் பார்த்த ஊர், நாம் வீட்டு லோன் கட்டிக்கொண்டிருக்கும் ஊர்... மூன்றில் எது கௌரவமோ அதைச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறோம். ஆனால், சிலருக்கு இந்தக் கேள்வி தொண்டையில் சிக்கிய முள். 'இந்த ஊர்தான்' என்றால் எதிராளி நம்ப மாட்டார். 'அந்த ஊர்' என்றால் அங்கே திரும்பிப் போக வழி இருக்காது.

அப்படிப்பட்ட இரண்டு பெண்கள் காமிராவால் பதில் சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் கியூபாவில் பிறந்தவர், இன்னொருவர் கயானாவில்.

(மாடர்ன் ஆர்ட் சமாசாரமா என்று பக்கத்தைப் புரட்டப் போகிறவர்கள் கொஞ்சம் பொறுக்கவும். நானும் வெறும் பி.காம். தான். டெபிட், கிரெடிட் தவிர வேறு கலை கற்றவனில்லை!)

★

அனா மெண்டியெட்டா 1948-ல் ஹவானாவில் பிறந்தார். வசதியும் அரசியல் செல்வாக்கும் உள்ள குடும்பம். 1959-ல் ஃபிடல் காஸ்ட்ரோ ஆட்சியைப் பிடித்தார். அனாவின் அப்பா முதலில் புரட்சிப் பக்கம் இருந்தார், பிறகு முறைத்துக்கொண்டார். குழந்தைகளையாவது வெளியே அனுப்பிவிடலாம் என்று பல கியூபப் பெற்றோர்கள் பயந்துகிடந்த காலம். 'ஆபரேஷன் பீட்டர் பான்' என்று ஒரு ஏற்பாடு. கத்தோலிக்க சர்ச்சின் உதவியோடு 1960-லிருந்து 1962-க்குள் 14,000-க்கும் அதிகமான பிள்ளைகள் அம்மா அப்பா துணையில்லாமல் அமெரிக்காவுக்கு விமானம் ஏறினார்கள். 1961-ல் ஏறியவர்களில் அனாவும் அக்காவும் உண்டு. அனாவுக்கு வயது 12.

பெற்றோர் பின்னாலேயே வந்துவிடுவதாகத் திட்டம். அம்மா வந்து சேர்ந்தது 1966-ல். அப்பா ஜெயிலுக்குப் போய், வெளியே வந்து, மகளைப் பார்க்க 1979 ஆகிவிட்டது! இடைப்பட்ட வருடங்களில் அந்தப் பெண்களுக்கு அநாதை இல்லம், விடுதி, யார் யாரோ வீடு. ஊரோ அயோவா. சோளக்காடும் பனியுமான மாநிலம். வருஷம் பூரா வெயில் காய்கிற தீவிலிருந்து வந்த பெண்ணுக்கு எப்படி இருந்திருக்கும்?

அனா அயோவா பல்கலைக்கழகத்தில் ஓவியம் படித்தார். கொஞ்ச நாளிலேயே தூரிகையைக் கீழே வைத்துவிட்டார். தான் சொல்ல நினைத்ததற்கு ஓவியத்தில் நிஜம் போதவில்லையாம்.

1973. மெக்ஸிகோவில் யாகுல் என்ற இடம். பழங்கால ஜபோடெக் மக்களின் கல்லறை ஒன்று திறந்து கிடந்தது. அனா சந்தையில் வெள்ளைப் பூக்கள் வாங்கிக்கொண்டு போய், அந்தக் குழிக்குள் படுத்து, தன்மேல் பரப்பிக்கொண்டார். போட்டோவில் பார்த்தால் உடம்பிலிருந்தே செடி முளைத்து பூத்த மாதிரி இருக்கிறது. சாவு வீடா, பூந்தோட்டமா என்று சட்டென்று சொல்ல முடியவில்லை.

அதற்கப்புறம் உடம்பும் தேவைப்படவில்லை. தன் அளவில் ஒரு பெண் வடிவம்... அவ்வளவுதான். அதைச் சேற்றில் பதித்தார். புல்லில் அழுத்தினார். வெடிமருந்தால் வரைந்து கொளுத்தினார். மெக்ஸிகோ கடற்கரை மணலில் தோண்டி, சிவப்புப் பொடியைக் கொட்டி, அலை வந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரைப்பதை வரிசையாகப் போட்டோ எடுத்தார். 1980 வரை இப்படி எத்தனையோ செய்தார். 'சிலுவெட்டா' வரிசை என்று பெயர். ஸ்பானிஷில் நிழலுருவம்.

எல்லாம் சில மணி நேரம், மிஞ்சினால் சில நாள். மழை வந்தால் போச்சு.

கணக்குப் பதிவியலில் ஒரு விதி உண்டு. கட்டடத்துக்குத் தேய்மானம் எழுதலாம். மெஷினுக்கு, மேஜை நாற்காலிக்கு எழுதலாம். நிலத்துக்கு மட்டும் தேய்மானம் கிடையாது. அனா எந்தக் காமர்ஸ் காலேஜில் படித்தார்? ஆனால், விஷயம் தெரிந்திருக்கிறது! தேய வேண்டியது தன் உருவம். மண் அப்படியே இருக்கும்.

அப்படியானால் நடந்ததற்கு என்ன அத்தாட்சி? போட்டோ! வவுச்சர் இல்லாத செலவை ஆடிட்டர் ஒப்புக்கொள்ள மாட்டார். அனாவின் ஒவ்வொரு போட்டோவும் ஒரு வவுச்சர். 'நான் இங்கே இருந்தேன். இந்த மண் என்னைத் தாங்கியது.'

★

போட்டோவோடு நிற்கவில்லை. சூப்பர்-8 காமிராவில் நூறுக்கும் மேற்பட்ட குட்டிப் படங்கள் எடுத்திருக்கிறார். வீட்டு விசேஷங்களைப் படம் பிடிக்க வந்த சின்னக் காமிரா அது. ஒரு கார்ட்ரிட்ஜில் 50 அடி ஃபிலிம். வினாடிக்கு 18 பிரேம் வீதம் ஓடினால் 3 நிமிடம் 20 வினாடியில் தீர்ந்துவிடும். அதனால்தான் அனாவின் படங்கள் பெரும்பாலும் மூன்று நிமிடத்தைச் சுற்றியே இருக்கின்றன. வசனம், சங்கீதம் எதுவும் கிடையாது. மெக்ஸிகோவில் வாணவேடிக்கைக்காரரை வைத்து மூங்கிலில் பெண் வடிவம் கட்டி, ராத்திரியில் கொளுத்திப் படமெடுத்தது 1976-ல். சிவகாசி வாசகர்கள் கவனிக்க!

இந்தப் படங்களில் ஒன்றை எதிர் ஃபிளாட் பெரியவருக்கு செல்போனில் ஓடவிட்டுக் காட்டினேன். ரிடையர் ஆனவர். தஞ்சாவூர்ப் பக்கம்.

"என்ன தம்பி, வெறும் புல்லைக் காட்டறீங்க?"

"பொறுங்க ஸார்."

புல்தரை லேசாக ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது.

"அடியில எலி கிலி பூந்துடுச்சா?"

"எலி இல்லை ஸார். அந்தம்மாதான். புல் பத்தையை மேலே போட்டுக்கிட்டு கீழே படுத்து மூச்சு விடறாங்க."

"இதுக்கா காமிரா? எங்க பேரன் போர்வைக்குள்ள தினம் இதைத்தான் பண்றான்!" என்று சிரித்தார். ஆனால், போனைத் திருப்பித் தரவில்லை. இன்னொரு தடவை ஓடவிடச் சொன்னார். ஏற்ற இறக்கம் பலமாக ஆக ஆக அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

"நெலத்தை வித்து இருபது வருஷமாச்சு தம்பி. பட்டா மாத்திக் குடுத்தாச்சு. ஆனா, கெணத்துல எத்தனை படின்னு இப்பக் கேட்டாலும் சொல்வேன். இருபத்திமூணு" என்றார்.

நிலத் தகராறு என்றால் நம் கிராமங்களில் இரண்டு கேள்வி கேட்பார்கள். பட்டா யார் பேரில்? அனுபவம் யாருக்கு? அனாவிடம் எந்த மண்ணுக்கும் பட்டா இல்லை. அயோவாவில் அகதி, மெக்ஸிகோவில் விருந்தாளி. பாக்கியிருந்தது அனுபவம் மட்டும்தான். அதைத்தான் படம் பிடித்தார்.

கியூபாவுக்குத் திரும்பிப் போனாரா? போனார். 1980-ல் முதல் தடவை. 1981-ல் ஹவானாவுக்கு வெளியே ஹாருக்கோ குன்றுகளில், சுண்ணாம்புப் பாறைக் குகைகளில் பெண் வடிவங்களைச் செதுக்கினார். கொலம்பஸ் வருவதற்கு முன்பே அந்தத் தீவில் வாழ்ந்த டைனோ மக்களின் பெண் தெய்வங்களின் பெயரை அவற்றுக்கு வைத்தார். இருபது வருடம் கழித்துப் பிறந்த மண்ணில் கை வைத்தபோது, வரைந்து கரையவிட மனம் வரவில்லை போலிருக்கிறது. கல்லில் செதுக்கிவிட்டார்.

1985 செப்டம்பரில் நியூயார்க்கில் 34-வது மாடியிலிருந்து விழுந்து இறந்தார். வயது 36. சிற்பியான கணவர் கார்ல் ஆந்த்ரே மீது கொலை வழக்கு நடந்து, 1988-ல் விடுதலையானார். அனாவைப் பற்றிப் பேச்செடுத்தால் பலரும் அந்த ஜன்னலிலேயே நின்றுவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது கீழே, மண்ணில் இருக்கிறது.

★

இப்போது இங்கிலாந்து. மண்ணில் படுக்க வேண்டாம்; சும்மா உட்கார்ந்தாலே தகராறு!

இங்க்ரிட் பொல்லார்ட், 1953-ல் கயானாவின் ஜார்ஜ் டவுனில் பிறந்து சின்னக் குழந்தையாக லண்டனுக்கு வந்தவர். கயானா அப்போது பிரிட்டிஷ் காலனி. ஆப்பிரிக்க அடிமைகளும், பிறகு சென்னைத் துறைமுகம் வழியாகவும் போன ஒப்பந்தக் கூலிகளும் கரும்பு வெட்டிய பூமி.

இங்கிலாந்தின் அழகென்றால் ஏரி மாவட்டம். வேர்ட்ஸ்வொர்த் 'டாஃபடில்ஸ்' பாடிய இடம். (பள்ளிக்கூடத்தில் நாமும்தான் உருப்போட்டோம். டாஃபடில் பூவை நானும் பார்த்ததில்லை, நடத்திய வாத்தியாரும் பார்த்திருக்க மாட்டார்!) அங்கே போய் இங்க்ரிட் எடுத்த படங்கள்தான் 1988-ல் வந்த 'பாஸ்டரல் இன்டர்லூட்'. ஒரு படத்தில் கல் சுவர்மேல் கறுப்பினப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். மடியில் காமிரா. பக்கத்தில் கம்பி வேலி. நம்மூர் ஸ்டூடியோக்களில் அந்தக் காலத்தில் கல்யாண போட்டோவுக்குக் கையால் கலர் தீட்டுவார்களே, அதே மாதிரி தீட்டிய படம். காலண்டர் போல அழகு.

கீழே உள்ள வாசகத்தைப் படித்தால் காலண்டர் கிழிகிறது. வேர்ட்ஸ்வொர்த்தின் முதல் வரியைத் திருப்பிப் போட்டு, வெள்ளை முகங்களுக்கு நடுவே ஒற்றைக் கறுப்பு முகமாக அலைவதைச் சொல்கிறார். கிராமப்புறம் போகும்போதெல்லாம் கூடவே வரும் பயத்தைச் சொல்கிறார். இன்னொரு படத்தின் கீழே, இங்கிலாந்தின் பெருமைக்கு அஸ்திவாரம் அடிமைகளின் ரத்தம் என்கிறார்.

அதாவது, 'வரவு மட்டும் எழுதிவிட்டீர்களே, பற்று எங்கே?' எந்த பி.காம். மாணவனுக்கும் புரிகிற கேள்வி. யார் உழைப்பில் செழித்ததோ, அவர்கள் பேத்தி வேலியோரம் உட்கார்ந்தால் 'இங்கே என்ன வேலை?' என்று முறைக்கிறதே ஊர்!

இங்க்ரிட் 2022-ல் டர்னர் பரிசுக்கான இறுதிப் பட்டியலில் இடம்பெற்றார். 2024-ல் போட்டோகிராபிக்கான ஹாஸல்பிளாட் விருதும் கிடைத்தது. வேலி அங்கேதான் இருக்கிறது.

அனா மண்ணில் பதித்த உருவங்கள் கரைந்தே போய்விட்டன. சுவர்மேல் உட்கார்ந்த பெண் எப்போதோ இறங்கி வீட்டுக்குப் போயிருப்பாள். வவுச்சர்கள் மட்டும் பத்திரமாக இருக்கின்றன. அவற்றைப் பார்த்து 'ஆமாம், இவர் இங்கே இருந்தார், இந்த மண் இவருக்கும் சொந்தம்தான்' என்று டிக் அடிக்க ஓர் ஆடிட்டர் வேண்டும். அதற்கு ஸி.ஏ. பாஸ் பண்ண வேண்டியதில்லை. மூன்று நிமிடம் இருபது வினாடி, பேசாமல் பார்த்தால் போதும்!