வேலி நகர்ந்தால் இரண்டு மாதம்தான்

"என்னகா மச்சாள், கதியால் இந்த வருசம் எங்கட பக்கம் நடந்து வந்திருக்கு?"

எங்கள் ஊரான தேற்றாத்தீவில் வேலிச்சண்டை இப்படிச் சிரிப்போடுதான் தொடங்கும். கிடுகு மாற்றும்போது ஒரு சாண், அடுத்த முறை இன்னொரு சாண். வேலி போய் மதில் எழும்பும் நாளில்தான் அந்தச் சாண்களெல்லாம் சேர்ந்து ஓர் ஆள் நடக்கும் அகலம் ஆகிவிட்டது தெரியவரும்.

கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிய நிலம் இது. வீடும் வளவும் பெண்பிள்ளைகளுக்குச் சீதனமாகப் போவது எங்கள் பக்க வழமை. ஒரு தாய்வளவு மூன்றாகப் பிரிந்தால், அடுத்த வீட்டில் இருப்பது அக்காவோ தங்கச்சியோ, அவர்களுடைய பிள்ளைகளோதான். "மாமரம் மட்டும் உனக்கு" என்று வாயால் பிரித்திருப்பார்கள். மாமரம் பட்டுப்போன பிறகு எல்லை யாருக்குத் தெரியும்?

கொழும்புத் தொடர்மாடிகளில் 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வீட்டுக்காரர்கள் சேர்ந்த முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் இருக்கிறது. சத்தம், குப்பை, பராமரிப்புக் காசு எல்லாவற்றுக்கும் அது விதி வைத்திருக்கும். ஊரில் அப்படி ஒன்றில்லை. கோயில் நிர்வாக சபையோ கிராம அபிவிருத்திச் சங்கமோ கூப்பிட்டுப் பேசலாம், புத்தி சொல்லலாம். உங்கள் மதிலை இடிக்கும் அதிகாரம் அவர்களுக்குக் கிடையாது.

அதனால் கை நேரே பெட்டிசத்துக்குப் போகிறது. அதுவும் பெயரில்லாத மொட்டைக் கடிதம். அனுமதியில்லாமல் கட்டுகிறார், கிணற்றடியில் நுளம்பு, மலசலகூடக் குழி எங்கள் கிணற்றோரம் என்று பிரதேச சபைக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் போகும். கடைசிப் புகார் வம்பல்ல. மணல் நிலத்தில் குழியின் அழுக்கு கிணற்றுக்கு இறங்க நாளாகாது. அப்படியான புகாரைப் பெயர் போட்டு எழுதி, கொடுத்ததற்கு அத்தாட்சி வாங்குங்கள். மொட்டைக் கடிதம் எழுதியவர் "என்ன நடந்தது?" என்று பின்னால் போய்க் கேட்கவும் முடியாது.

புகார் உங்கள்மீது வந்தால் வாசலில் நின்று கத்தாதீர்கள். நுளம்பு பெருகும் இடங்களைத் துப்புரவாக வைத்திருப்பது 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி வளவுக்காரரின் கடமை. பரிசோதகரை உள்ளே விட்டு, என்ன குறை, எத்தனை நாள் அவகாசம் என்று எழுத்தில் கேளுங்கள். பரிசோதனை அறிக்கையின் பிரதி வேண்டுமென்றால் 2016ஆம் ஆண்டுத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி விண்ணப்பிக்கலாம். தருவதா இல்லையா என்று தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். பெட்டிசம் போட்டவரின் பெயர் அதில் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். கிடைக்காமல் இருப்பதே உங்கள் நித்திரைக்கு நல்லது.

வேலிக்கு வருவோம். பொலிஸ் நிலையத்தில் முறைப்பாட்டைத் தமிழிலேயே பதியலாம். வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதியதில் கையெழுத்துப் போடாதீர்கள், முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். ஆனால் காணி யாருக்குச் சொந்தம் என்று பொலிஸ் தீர்மானிக்க முடியாது. சண்டை கைகலப்பாகும் நிலை வந்தால், 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ் விடயம் நீதவானிடம் போகும். பொலிஸ் போகாவிட்டால் நீங்களே சத்தியக் கடதாசியோடு போகலாம். அங்கே பார்ப்பது காணி யார் கையில் இருந்தது என்பதை மட்டும்தான். வழக்குப் பதிவதற்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் உங்களைப் பலாத்காரமாக அப்புறப்படுத்தியிருந்தால், திரும்ப உங்கள் கையில் ஒப்படைக்க நீதவான் கட்டளையிடலாம். "திருவிழா முடியட்டும், பிறகு பேசுவம்" என்று இருந்தவர்கள் இழந்தது இந்த இரண்டு மாதத்தைத்தான். அதன் பிறகு மாவட்ட நீதிமன்றம், வருடக்கணக்கு.

அவ்வளவு தூரம் போகாமல் முடிக்க 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் மத்தியஸ்த சபை இருக்கிறது. மூன்று பேர் கொண்ட குழு, சட்டத்தரணி வர முடியாது. அங்கே பேசியதைப் பின்பு நீதிமன்றத்தில் சாட்சியாக எடுக்கவும் முடியாது. சொந்தக்காரரோடு சண்டை என்றால் எனக்கு இதைவிடப் பொருத்தமான இடம் தெரியவில்லை. ஒன்றுதான்: அங்கே பேச்சு நடக்கும்போதும் அந்த இரண்டு மாதத்தை எண்ணிக்கொண்டிருங்கள்.

வேலியல்லாத சண்டைகளும் உண்டு. ஒலிபெருக்கிக்கு உயர் நீதிமன்றம் 2007 நவம்பரில் வழி சொல்லியிருக்கிறது. பொலிஸ் அனுமதி வேண்டும், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அந்த அனுமதி கொடுக்கக்கூடாது. எந்தச் சமயத்துக்கும் பொது விதி இதுதான்; விசேட விழாக்களுக்கு மட்டும் அரிதாக விதிவிலக்கு உண்டு. வேலிக்கு மேலால் கைபேசியில் படம் பிடித்து உங்கள் வீட்டு விடயத்தை முகநூலில் போட்டுத் தொல்லைப்படுத்தினால் 2024ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் உண்டு. போட்டவர் அதை அழிப்பதற்கு முன் திரையைப் படமெடுத்து வைத்துவிட்டுப் பொலிசுக்குப் போங்கள்.

அடுத்த முறை வேலி அடைக்கும் நாளில் மச்சாளையும் கூப்பிட்டு எல்லைக்கல்லடியில் நிற்க வைத்து, திகதி விழும்படி ஒரு படம் எடுத்துவிடுங்கள். உறுதியோடு நில அளவைப் படம் இல்லையென்றால், மதிலுக்குக் கல் பறிக்குமுன் நில அளவையாளரைக் கூப்பிடுங்கள். அவருக்குக் கொடுக்கும் காசை இரண்டு வீடும் பாதி பாதி போட்டால் இன்னும் நல்லது.