அந்தப் பணம் எங்கிருந்து வருது?

எங்க அமராவதிபுதூர் பக்கம் வட்டிக் கணக்கு தெரியாத ஆச்சிமார் குறைவு. ஆனாலும் பேப்பரில் வியாபாரப் பக்கம் வந்தால் மடித்து வைத்துவிடுவோம். நானும் அப்படித்தான், சுசேதா தலாலைப் பற்றிப் படிக்கும்வரை.

பங்கு விலை ஏறுதுன்னு பம்பாயே கொண்டாடியபோது, பணம் எங்கிருந்து வருகிறது என்று துருவியவர் அவர். 1992 ஏப்ரல் 23-ல் 'டைம்ஸ் ஆஃப் இந்தியா'வில் எழுதினார்: ஸ்டேட் பாங்க் கணக்கில் 500 கோடி இடிக்கிறது! அரசாங்கக் கடன் பத்திரம் வாங்கப் போன பாங்க் பணத்தைப் பங்குகளில் போட்டிருந்தார் தரகர் ஹர்ஷத் மேத்தா.

போன மாசம் ஒருத்தர் வந்தார். "ஆச்சி, நூத்துக்கு மூணு, மாசா மாசம் வட்டி."

"எந்தத் தொழிலில் அவ்வளவு வருது தம்பி?" என்றேன். காபியைக்கூட முடிக்காமல் எழுந்துவிட்டார்.

வந்த லட்சுமியை விரட்டிட்டேன்னு நாத்தனார் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை.